என் ரவுண்டானாவும் எஸ்தரின் தார் டிரம்களும்

நம் சாலைத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு உபயோகமாக ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். வளைவு எவ்வளவு இருக்க வேண்டும், ஜல்லி எந்த அளவில் போட வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. இப்போது கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பொறாமை. காலம் பூரா ரோடு போட்டவன் சொல்கிறேன், இந்தத் தொழிலில் தார் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவு பொறாமையும் செலவாகிறது. எனக்கு அது பிறவியிலேயே கொஞ்சம் தூக்கல். ஓய்வு பெற்றால் அடங்கிவிடும் என்றார்கள். பிரஷர் அடங்கியது, இது அடங்கவில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் உதவிப் பொறியாளர். மதுரையிலிருந்து தென்காசி போகிற சாலை ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் புகுந்து, செத்த நேரத்தில் ராஜபாளையத்துக்குள்ளும் புகுந்து போகும். சாலை ஒன்றுதான், ஆனால் இரண்டு ஊரும் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கும். ராஜபாளையத்தில் புதிதாக ஒரு சோடியம் விளக்கு எரிந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதிப் பேருக்கு உறக்கம் வராது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு அரசு ஆபீஸ் வந்தால் ராஜபாளையத்துக் கடைகளில் ஒரு வாரத்துக்கு அதே பேச்சாக இருக்கும். இந்த இடத்தில் என்னைக் கொண்டுவந்து போட்டவர்கள் ஆள் பார்த்துத்தான் போட்டிருக்க வேண்டும்.

ராஜபாளையம் பகுதிக்கு என்னைப் போலவே இன்னொரு உதவிப் பொறியாளர். பெயர் எஸ்தர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அந்தக் காலத்தில் நம் துறையில் ஆபீசில் உட்கார்ந்து படம் வரையும் பெண்களைப் பார்க்கலாம், தார் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் இன்ஜினியரைப் பார்ப்பது அபூர்வம். எஸ்தர் டி.வி.எஸ். ஃபிப்டியில் வருவாள், சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வாள், தலைக்கு ஒரு தொப்பி வைத்துக்கொள்வாள். என்னைவிட ஜூனியர். அது மட்டும்தான் எனக்கு அவளிடம் பிடித்த விஷயம்.

ஒருநாள் எங்கள் கோட்டப் பொறியாளர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவர் பெயர் வேண்டாம், நாங்கள் டி.இ. ஐயா என்போம். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஆனால் பாராட்டுவதில் மகா கஞ்சர். "ரெண்டு ஊருக்குள்ளயும் வண்டி நவுர மாட்டேங்குது. ஆளுக்கு ஒரு மோசமான சந்திப்ப எடுத்து மாத்திக் காட்டுங்க. எது நல்லா வருதோ அத மத்த ஊருக்கும் கொண்டுபோவோம்" என்றார். போகும்போது சொல்வது போல இன்னொன்றும் சொன்னார். "மதுரையில நகரச் சாலைக்குன்னு தனியா டிசைன் பிரிவு வருது. என்கிட்ட ஒரு ஆள் கேட்டிருக்காவ."

எனக்கு அதற்கப்புறம் வேறு எதுவும் காதில் விழவில்லை. என் மனைவி மதுரையில் டீச்சர். மகள் அங்கேதான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். நான் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி, திங்கட்கிழமை விடியக்காலை திரும்பி வருகிற அப்பா. மகள் படம் வரைந்தால் வீட்டில் அம்மாவையும் தன்னையும் வரைவாள், என்னைப் பஸ்ஸில் வரைவாள். மதுரைப் பதவி எனக்கு வேறொன்றுமில்லை, வீட்டுக்குப் போகும் வழி. அது எனக்கும் எஸ்தருக்கும் நடுவில் ஒரே ஒரு நாற்காலியாக நின்றது.

நான் எடுத்தது மடவார் வளாகத்துப் பக்கம் ஊருக்குள் வருகிற சாலையும் நெடுஞ்சாலையும் கூடுகிற இடம். மாட்டுவண்டி, சைக்கிள், லாரி, பஸ் எல்லாம் மூஞ்சியோடு மூஞ்சி முட்டி நிற்கும். அங்கே ஒரு ரவுண்டானா கட்டுவதாக முடிவு செய்தேன். விதிப்புத்தகத்தில் உள்ள அளவு பிசகாமல் வட்டம், சுற்றி ஓரக்கல், உள்ளே புல்தரை, நடுவில் உயரமான விளக்குக் கம்பம். கம்பம் நிற்பதற்கு இடுப்பு உயரத்தில் எண்கோணப் பீடம். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று பீடத்துக்குக் கறுப்புக் கடப்பாக்கல் பதிக்கச் சொன்னேன். படத்தைக் கலர் பென்சிலில் வரைந்து டி.இ. ஐயாவிடம் காட்டினேன். "படம் நல்லாருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே எனக்குப் பெரிய விருது.

எஸ்தர் படமே வரையவில்லை. காலியான தார் டிரம்களைப் பொறுக்கி, சுண்ணாம்பு அடித்து, உள்ளே மணல் போட்டு, ராஜபாளையத்தில் மில் ரோடு நெடுஞ்சாலையில் சேருகிற இடத்தில் வட்டமாக நிறுத்தி வைத்தாள். இரண்டு நாள் கழித்து ஒரு முழம் தள்ளி வைத்தாள். மறுவாரம் வட்டத்தைச் சின்னதாக்கினாள். பொறவு முட்டை வடிவத்துக்கு மாற்றினாள். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்துகொண்டு அதிகமாகச் சிரித்தவன் நான்தான்.

சிரிப்பு சீக்கிரமே நின்றது. ராஜபாளையத்தில் நெரிசல் குறைந்துவிட்டது என்று பஸ் டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். நானே போய்ப் பார்த்தேன். வேவு பார்க்கத்தான் போனேன், வேறு பெயர் சொல்ல மாட்டேன். மில் ஷிஃப்ட் விடுகிற நேரம். சங்கு ஊதியதும் கேட்டிலிருந்து சைக்கிள்கள் சாலை கொள்ளாமல் வந்தன. முன்பெல்லாம் அந்த நேரத்தில் தளவாய்புரம் பஸ் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தே தொண்டை கட்டிப்போகும். இப்போது சைக்கிள்கள் டிரம்மைச் சுற்றி ஒரு பக்கமாக வழிந்து போயின, பஸ் மறுபக்கம் சாவகாசமாகத் திரும்பியது. எனக்கு வயிறு எரிந்தது. அரசாங்கத்துக் காசில் ஒரு மூட்டை சிமென்ட்கூடச் செலவில்லாமல் ஒருத்தி இதைச் செய்துவிட்டாளே என்று எரிந்தது.

எஸ்தர் டீக்கடை வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கையாட்டினாள். அவளுக்கு என் மேல் கோபமோ போட்டியோ கிடையாது. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எதுக்கு டிரம்ம தெனமும் நகட்டுறிய?" என்று கேட்டேன்.

"ரோட்டப் பாருங்க சார். டயர் போற இடம் கறுப்பா மினுங்கும். ஒருத்தரும் போகாத இடத்துல தூசி படிஞ்சு கெடக்கும். தூசி படிஞ்ச இடம் நமக்கு, டயர் போற இடம் அவங்களுக்கு. அம்புட்டுதான். தூசி எங்க ஒதுங்குதோ டிரம்மு அங்க போவுது."

"இத எப்பக் கட்டுவிய?"

"அவசரம் என்ன சார். நாலு மாசம் போவட்டும். மழை வரட்டும், பொங்கல் வரட்டும், பாத்துக்கிடுவோம்."

அவளுக்கு அவசரமில்லை. எனக்கு இருந்தது. அடுத்த மாதமே என் ரவுண்டானாவைக் கட்டி முடித்தேன். புல் முளைத்தது, ஓரக்கல்லுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்தேன். விளக்குக் கம்பம் மட்டும் வந்து சேரவில்லை. வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடப்பாக்கல் பீடம் வெறுமனே வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு சந்திப்பைச் சரிசெய்தால் நெரிசல் செத்துப்போவதில்லை, அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுக்கிறது. முன்பு தனியார் பஸ்கள் ராஜபாளையத்துக்குள் மாட்டி, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வந்து சேரும். இப்போது எஸ்தரின் புண்ணியத்தில் தடையில்லாமல் கிளம்பி, வழியெல்லாம் போட்டி போட்டு, ஜோடியாக என் ரவுண்டானாவில் வந்து நின்றன. என் வட்டமோ புத்தகத்துக்கு ஏற்ற வட்டம், அந்த இடத்துக்குப் பெரிது. நீளமான பஸ் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் ஓரக்கல்லில் ஏறி இறங்கியது. கிளீனர்கள் கீழே இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பஸ்ஸைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டார்கள். அவளுடைய ஊர் நெரிசலைப் பார்சல் கட்டி எனக்கு அனுப்பிவிட்டாள் என்று என் ரோடு இன்ஸ்பெக்டரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

நெரிசலாவது பரவாயில்லை. பெரிய வினை பீடத்தில் இருந்தது.

நம் ஊர்களில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, கறுப்புக் கல் பதித்து, மேலே ஒன்றும் வைக்காமல் விட்டால் என்ன அர்த்தம்? எனக்குத்தான் அது விளக்குக் கம்பத்துக்கு. ஊரில் மற்ற எல்லாருக்கும் அது சிலைக்கு. ஒரு சங்கத்தார் வந்து தங்கள் தலைவருக்கு இடம் கேட்டார்கள். முடியாது என்றேன். அவர்கள் வந்து போனது தெரிந்து இன்னொரு சங்கத்தார் வந்தார்கள். அவர்களிடமும் முடியாது என்றேன். இரண்டு தரப்பும் என்னை நம்பவில்லை. மற்றவனுக்குக் கொடுப்பதற்காகத்தான் தனக்கு மறுக்கிறேன் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

அடுத்த வாரம் டி.இ. ஐயா கலெக்டரோடு வந்து இரண்டு சந்திப்பையும் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின வாரத்தில் ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டில் கை வைத்தபோது போலீஸ் ஜீப் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனது. முதல் சங்கத்தார் சிலையைச் சாக்குப் போட்டு மூடி, லாரியில் ஏற்றி, வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு தோப்பில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அது தெரிந்து இரண்டாவது சங்கத்தார் ரவுண்டானாவுக்கு வந்துவிட்டார்கள். நான் போனபோது சாலையின் இரண்டு பக்கமும் ஆட்கள். கடைகளில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. நடுவில் என் பீடம் மட்டும் பளபளவென்று நின்றது.

"எடம் உங்க துறையோடது சார். நீங்க ஒரு முடிவு சொல்லுங்க. நான் லத்தியத்தான் காட்ட முடியும், அதக் காட்டுனா என்ன ஆவும்னு உங்களுக்கே தெரியும்" என்றார் போலீஸ் இன்ஸ்பெக்டர்.

டி.இ. ஐயாவுக்குப் போன் போட்டேன். கேம்ப் என்று வெளியூர் போயிருந்தார். முடிவு என் தலையில் விழுந்தது.

முதல் சங்கத்துத் தலைவர் பெரிய மீசைக்காரர். அவரிடம் போய், இது விளக்குக்குக் கட்டினது என்று மறுபடி சொன்னேன்.

"வெளக்குக்கு எவன் சார் கடப்பாக்கல் பதிப்பான்?" என்றார்.

நியாயமான கேள்வி.

அவர் என்னோடு பேசிக்கொண்டே இருந்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பீடத்தையும் பார்க்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற மற்றத் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. மில் ரோட்டில் நின்று எஸ்தரின் டிரம்களை நான் பார்த்த பார்வை அது. எனக்கு அன்று டிரம் வேண்டும் என்றா தோன்றியது? இல்லை. அவளுக்கு அது இல்லாமல் போகட்டும் என்றுதான் தோன்றியது. இந்த மனுஷருக்கும் இப்போது வேண்டியது சிலை இல்லை. அந்தப் பக்கத்துக்காரருடைய சிலை அங்கே வரக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக்காரருக்கும் இதேதான். ஒரு நல்ல மனுஷன் அங்கே நின்றிருந்தால் சமாதானம் பேசி நேரத்தைக் கழித்திருப்பான். நான் பொறாமைக்காரன், எனக்குச் சட்டென்று புரிந்தது.

பீடம் போக வேண்டும், இரண்டு பேர் கண் முன்னாலும் ஒரே நேரத்தில் போக வேண்டும். பீடம் போனால் மட்டும் போதாது. வட்டமும் புல்தரையும் இருக்கிற வரை அது ஒரு இடம், நாளைக்கு யாராவது செங்கல்லோடு வருவான். அது நிலையில்லாத இடமாக மாற வேண்டும். நாளைக்கு நகர்ந்துவிடும் என்று தெரிந்த இடத்தில் யாரும் தங்கள் தலைவரை நிறுத்த மாட்டார்கள். நிலையில்லாத ரவுண்டானா எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. அது யாருடையது என்பதை நினைத்தபோது நாக்கில் கசந்தது.

பக்கத்து மருந்துக் கடையிலிருந்து ராஜபாளையம் ஆபீசுக்குப் போன் செய்தேன். எஸ்தரே எடுத்தாள்.

"உங்க கிட்ட டிரம் எம்புட்டு இருக்கு?"

"மிச்சம் கொஞ்சம் கெடக்கு சார். எம்புட்டு வேணும்?"

"இருக்கிறதெல்லாம்."

"ரவுண்டானாவ இடிக்கப் போறியளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் சிரித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை.

"யோசிச்சுக்கிடுங்க சார். அடுத்த வாரம் டி.இ. ஐயா வாராவ. ரெண்டு ஊர்லயும் டிரம்மாத்தான் இருக்கும்."

அவள் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது. என் கட்டுமானத்தை நானே இடித்து, அவளுடைய முறையை நானே கொண்டுவந்து வைத்தால், மதுரை நாற்காலியில் யார் உட்காருவார் என்று கேட்கவே வேண்டாம். கேட்காமல் அனுப்பியிருக்கலாம் அவள். எனக்குச் சொல்லிவிட்டு அனுப்பினாள். அதையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"யோசிச்சாச்சு. லாரிய அனுப்புங்க" என்று போனை வைத்தேன்.

இரண்டு தலைவர்களையும் பீடத்துக்குப் பக்கத்தில் கூப்பிட்டேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். "பஸ் திரும்ப மாட்டேங்குது. என் டிசைன் சரியில்ல. இந்த ரவுண்டானா எடம் மாறுது. எங்க மாறும்னு எனக்கே தெரியாது. டிரம் வச்சுப் பாத்துத்தான் சொல்ல முடியும், அதுக்கு எத்தன மாசமானாலும் ஆவும்."

மீசைக்காரர் என்னைப் பார்க்காமலே கேட்டார். "அப்ப அவியளுக்கும் கெடையாதா?"

"யாருக்கும் கெடையாது. வெளக்குக்கே கெடையாது."

மற்றவர் அந்தப் பக்கத்திலிருந்து, "நெசமாத்தானா சார்?" என்றார்.

என் ஆட்கள் கடப்பாரையோடு நின்றார்கள், ஆனால் யாரும் கை வைக்கவில்லை. போன மாதம் கட்டியதை அவர்கள் எப்படி இடிப்பார்கள்? நானே வாங்கி ஓங்கிப் போட்டேன். கடப்பாக்கல் நடுவில் விரிந்தது. நான் நின்று வழவழப்புப் பார்த்துப் பதிக்கச் சொன்ன கல். இரண்டாவது அடியில் ஒரு மூலை பெயர்ந்து விழுந்தது. கூட்டத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். பிறகு இரண்டு பக்கமும் சிரித்தார்கள். மீசைக்காரரின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. கிடைக்காததற்காக ஒரு மனுஷர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. பீடத்தோடு ஓரக்கல்லையும் புல்தரையையும் என் ஆட்கள் பெயர்த்துப் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் தோப்பிலிருந்த லாரி வந்த வழியே திரும்பிப் போனது.

டிரம் லாரிக்குப் பின்னாலேயே எஸ்தர் டி.வி.எஸ். ஃபிப்டியில் வந்து சேர்ந்தாள். இடிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாலையைக் குனிந்து பார்த்து, தூசி ஒதுங்கிய இடத்தைக் காட்டி, "இங்க வைப்போமா சார்?" என்றாள். அது என் வட்டத்தின் நடுவிலிருந்து நன்றாக விலகி, மேற்கே ஒதுங்கி இருந்தது. என் ரவுண்டானாவில் பாதிகூட அளவில்லை. டிரம் நிறுத்தி முடித்த கொஞ்ச நேரத்தில் ராஜபாளையத்திலிருந்து இரண்டு பஸ் ஜோடியாக வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக டிரம்மில் தட்டாமல் திரும்பிப் போயின. கூடி நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். நானும் விட்டேன், ஆனால் வேறு காரணத்துக்கு.

டி.இ. ஐயா வந்தார், கலெக்டர் வந்தார். இரண்டு ஊரையும் பார்த்தார்கள். "சார்தான் தைரியமா இடிச்சாங்க" என்று எஸ்தர் முந்திக்கொண்டு சொன்னாள். டி.இ. ஐயா என் தோளைத் தட்டி, "ஆமா, இடிக்கிறதுக்கு இவர விட்டா ஆளில்ல" என்றார். அது பாராட்டா என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. அந்த மாதக் கடைசியில் மதுரை ஆர்டர் எஸ்தர் பெயருக்கு வந்தது.

விடைபெற வந்தபோது வாழ்த்துச் சொன்னேன். வாய் மட்டும்தான் சொன்னது. அவள் போகும்போது திரும்பி நின்றாள். "நான் எதையும் கட்டுனதே இல்ல சார். அதான் தைரியமா நகட்டிக்கிட்டே இருந்தேன். கட்டுனத இடிக்கணும்னா எனக்குக் கை வந்திருக்காது." மனசாரச் சொன்னாள் என்று தெரியும். ஆனால் அந்தச் சனிக்கிழமையும் நான் பஸ்ஸில்தான் மதுரை போனேன். மகள் அப்போதும் என்னைப் பஸ்ஸில்தான் வரைந்து வைத்திருந்தாள்.

ஆகவே தம்பி தங்கைகளே, பொறாமையை விட்டுவிடுங்கள் என்று உங்களுக்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை, விட்டவன் சொல்ல வேண்டிய விஷயம் அது. சாலையில் கூட்டம் கூடி நிற்கும்போது அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைக் காதில் வாங்குங்கள், ஆனால் யாரைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார்கள் என்பதைக் கண்ணால் பாருங்கள். உங்களுக்குள்ளும் பொறாமை இருந்தால் அது சீக்கிரம் தெரிந்துவிடும். அப்புறம், விளக்குக் கம்பத்துக்குக் கடப்பாக்கல் பதிக்காதீர்கள்.

எஸ்தர் போனபின் வந்த மழைக்காலத்தில் டிரம்கள் துருப்பிடித்துப்போகவே, அதே இடத்தில் அதே அளவில் சிமென்டில் சின்ன ரவுண்டானா கட்டினோம். கட்டியவன் நான். பிறகு என்னை ராமநாதபுரம் பக்கம் மாற்றினார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காக ராஜபாளையம் போய்விட்டு, திரும்பி வரும் வழியில் என் சந்திப்பை ஒரு நடை பார்க்கலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் சின்னப் பையன். ஊருக்கு முன்னாலேயே மடவார் வளாகத்துப் பக்கம் ரவுண்டானாவில் இறங்க வேண்டும் என்றேன்.

"அப்பிடி ஒரு ஸ்டாப் இல்லியே சார்."

"இருக்கு தம்பி. சின்ன ரவுண்டானா. பஸ் திரும்புமே."

"ஓ, எஸ்தரம்மா டிரம்மா?" என்றான்.

டிரம் போய் வருஷக்கணக்காகிவிட்டது. பெயர் போகவில்லை. "யாருப்பா அந்த எஸ்தரம்மா?" என்று கேட்டேன்.

"தெரியல சார். அந்த ரவுண்டானாவக் கட்டுன அம்மாவாம்." டிக்கெட் கட்டைப் புரட்டிக்கொண்டே, பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "எங்கன்னு சரியாச் சொல்லுங்க சார், ஸ்டேஜ் மாறுனா டிக்கெட் காசும் மாறும்" என்றான்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இதைக் கட்டியவனும் நான், இதற்கு முன்னால் இருந்ததை இடித்தவனும் நான் என்று அந்தப் பஸ்ஸில் சொன்னால் யாருக்கு என்ன? ஐந்து ரூபாயை நீட்டினேன்.

"எஸ்தரம்மா டிரம் ஒண்ணு குடுப்பா" என்றேன்.